போன் கேட்கும் கொரியன் வேறு, பட்டறையில் கதைக்கும் கொரியன் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன கிழமை உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கொரியன், யப்பான் மொழி வகுப்புகளுக்குப் பெற்றோர் கொட்டுகிற காசு வீண், இன்னும் இரண்டு வருடத்தில் போனே எல்லாவற்றையும் கேட்டுத் தமிழில் சொல்லிவிடும், பிள்ளைக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று எழுதியிருந்தார். வாசித்துவிட்டுச் சும்மா இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் பக்கத்துப் பெடியள் அந்தக் கடிதத்தைப் படம் பிடித்து வட்ஸப்பில் சுற்ற விட்டு, "பாத்தீங்களோ அண்ணை, இனி வகுப்புக்குப் போகத் தேவையில்லை" என்று எனக்கே அனுப்புகிறார்கள். அதனால் எழுத வேண்டியதாகிவிட்டது.

நான் கொரியாவில் கிம்ஹே என்ற ஊரில் பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற பட்டறை ஒன்றில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவன். போனுக்கு எதிரி இல்லை. கடையில் எது உப்பு எது சீனி என்று பார்ப்பதற்கு, அறைச் சுவரில் ஒட்டிய அறிவித்தலை வாசிப்பதற்கு, வங்கிப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று அறிவதற்கு அது இல்லாவிட்டால் நான் திண்டாடியிருப்பேன். எழுத்தைப் படம் பிடித்து மொழிபெயர்ப்பதில் குறை சொல்ல அவ்வளவு இல்லை. நான் சொல்ல வருவது வாயால் கதைக்கிற கதையைப் பற்றி.

"இன்னும் இரண்டு வருடம்" என்ற பேச்சு எவ்வளவு பழையது என்று அந்தக் கடிதக்காரருக்குத் தெரியுமோ தெரியாது. 1983இல் ஜெனீவாவில் நடந்த தொலைத்தொடர்புக் கண்காட்சியிலேயே யப்பானின் என்.ஈ.சி. கொம்பனி, ஒரு மொழியில் பேசினால் வேறு மொழியில் கேட்கும் முறை ஒன்றை மாதிரிக்குக் காட்டியது. 1986இல் அதற்கென்றே ஏ.டி.ஆர். என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1993இல் யப்பான், அமெரிக்கா, யேர்மனி மூன்றையும் தொலைபேசியில் இணைத்துப் பரிசோதித்தார்கள், அதுவும் மாநாடு ஒன்றுக்குப் பெயர் பதிவது பற்றிய உரையாடல் மட்டும்தான், அந்த எல்லைக்குள் நின்று, நிறுத்தி நிதானமாகப் பேசினால் இயந்திரம் விளங்கிக்கொண்டது. எல்லையைத் தாண்டினால் முடிந்தது கதை. பிறகு வந்தவர்கள், மனிதர் இயல்பாகப் பேசுவதைப் பதிவுசெய்து ஒவ்வொரு சொல்லாக எழுதி வைக்காமல் இது நடக்காது என்று கண்டு, யப்பானில் 600 மணித்தியாலத்துக்கும் மேற்பட்ட பேச்சைச் சேர்த்து 2004இல் வெளியிட்டார்கள். கொரியாவில் ஏறக்குறைய 2,000 பேரைக் கதைக்க வைத்து 1,000 மணித்தியாலம் அளவில் சேர்த்தார்கள். காசு, ஆட்கள், அரசாங்கம், பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து இழுத்த தேர் அது. சும்மா வந்ததில்லை.

சரி, இப்போது நிலைமை எப்படி? உண்மையைச் சொன்னால் நல்ல முன்னேற்றம்தான். சியோலில் செய்தி வாசிப்பவர் வாசிப்பதையோ டோக்கியோவில் ஒருவர் அமைதியான அறையில் விரிவுரை செய்வதையோ இன்றைய போன் கிட்டத்தட்டப் பிழையில்லாமல் எழுதித் தரும். சாம்சுங் 2024 ஜனவரியில் விட்ட போனில், பேசிக்கொண்டிருக்கும் அழைப்பையே அந்த இடத்தில் மொழிபெயர்க்கும் வசதி வந்தது. தொடக்கத்தில் 13 மொழி. கொரியன் இருந்தது, யப்பான் மொழி இருந்தது, ஹிந்தி இருந்தது, தாய்லாந்து மொழியும் வியட்நாம் மொழியும் இருந்தன. தமிழ் இல்லை.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. மொழிபெயர்க்கிற போனுக்கு இரண்டு பக்கம். கொரியன் பேசுகிறவர் ஒரு பக்கம், விசுவமடுப் பெடியன் மறுபக்கம். கடிதக்காரர் கொரியப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுதுகிறார்.

2022இல் வெளிவந்த விஸ்பர் என்ற பேச்சறி மென்பொருள் இன்றைக்குப் பல செயலிகளின் வயிற்றுக்குள் இருக்கிறது. அதைப் பழக்குவதற்கு 680,000 மணித்தியால ஒலி பாவித்தார்கள். அதில் எழுத்தோடு சேர்ந்த கொரியப் பேச்சு ஏறக்குறைய 8,000 மணித்தியாலம், யப்பானியப் பேச்சு ஏறக்குறைய 7,000. தமிழ் எவ்வளவு? 136. சிங்களத்துக்கு அதைவிடவும் மிகக் குறைவு. அந்த 136க்குள் வன்னிப் பேச்சு எத்தனை நிமிடம் இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தமிழுக்கு இந்தியாவில் இப்போது நிறையச் சேர்க்கிறார்கள், நல்ல விஷயம், ஆனால் அது சென்னை, மதுரை, கோயம்புத்தூர்த் தமிழ். கூகுளில் குரலால் எழுதும்போது "தமிழ் (இலங்கை)" என்று ஒரு தெரிவு இருக்கிறது, வைத்துப் பாருங்கள். "எனக்குக் கை நோகுது", "இண்டைக்கு ஏலாமல் கிடக்கு", "நான் உதுக்கு வரேல்லை" என்று எங்கள் வாயில் வருகிற மாதிரிச் சொன்னால் எனக்கு ஒழுங்காக எழுதித் தந்தது குறைவு. கிம்ஹேயில் எங்களுடைய பெடியள் போனோடு கதைக்கும்போது தொலைக்காட்சி நாடகத்தில் வருகிற ஆட்கள் மாதிரித்தான் கதைப்பார்கள், "எனக்கு உடம்பு சரியில்லை, கை வலிக்கிறது" என்று. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் உண்மையாகவே கை நசிந்து இரத்தம் ஓடுகிற நேரத்தில் யாருக்கு நாடகத் தமிழ் வாயில் வரும்?

கொரியப் பக்கமும் கடிதக்காரர் நினைக்கிற மாதிரி அவ்வளவு சுத்தம் இல்லை. கிம்ஹே, சாங்வோன், உல்சான் எல்லாம் தென்கிழக்கில், கியோங்சாங் என்ற பகுதியில் இருக்கின்றன. தொழிற்சாலைகள் அங்கே ஏராளம், எங்கள் ஆட்களும் ஏராளம். அங்கத்தைய பேச்சு வகுப்பில் படித்த கொரியன் இல்லை. சாப்பிட்டாயா என்பதற்குப் புத்தகத்தில் "பாப் மொகொசொ" என்று படித்துவிட்டுப் போனால், அங்கே கிழவர் "பாப் முன்னா" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டுப் போய்க்கொண்டிருப்பார். இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கொரியனில் தகரத்துக்கே, அதுதான் 'த' என்ற ஒலிக்கே, மூன்று விதம், மெல்லியது, இறுக்கியது, காற்றோடு விடுவது. அதை மாற்றினால் நிலா மகளாகும், மகள் முகமூடியாவாள். சியோலின் இளம் ஆட்கள் மெல்லியதையும் காற்றுள்ளதையும் இப்போது பெரும்பாலும் குரலின் ஏற்ற இறக்கத்தால்தான் பிரித்துக் காட்டுகிறார்கள். கியோங்சாங்கிலோ அந்த ஏற்ற இறக்கம் ஒரு சொல்லை மற்றச் சொல்லிலிருந்து பிரிக்கிற வேலையைக் காலம் காலமாகச் செய்துவருகிறது. சியோல் குரலில் பழகிய இயந்திரம் அங்கே போய்த் தடுமாறாமல் என்ன செய்யும். இது கொரியர்களுக்கே தெரியும், அதனால்தான் அரசாங்கச் செலவில் கியோங்சாங், ஜொல்லா, சுங்சோங், காங்வோன், ஜெஜு என்று பகுதி பகுதியாக வட்டாரப் பேச்சைப் பதிந்து ஆய்வாளர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அதோடு சத்தம். வார்ப்பு இயந்திரம் பத்து ஓடுகிற இடத்தில், முகக்கவசம் போட்ட ஒருவர், அந்தப் பக்கம் திரும்பி நின்று, அரை வசனத்தில் கத்துவார். போனை நீட்டிப் பிடித்து "இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்று கேட்டால் என்ன கிடைக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. அவர்களுக்கு எல்லாமே "பல்லி பல்லி", கெதியாக. இதில் ஒரு பகிடியும் உண்டு, நான் சொன்ன விஸ்பர் வகை மென்பொருட்கள் யாரும் பேசாத இடத்தில், வெறும் இரைச்சலில், யப்பான் மொழியிலும் கொரியனிலும் "பார்த்ததற்கு நன்றி" என்று தாங்களாகவே எழுதிவிடும். இணையத்தில் கிடந்த வீடியோக்களைக் கேட்டுப் பழகிய பழக்கம். பட்டறையில் இயந்திரம் போடுகிற சத்தத்துக்குப் போன் நன்றி சொல்லிக்கொண்டிருந்தால் வேலை நடந்த மாதிரித்தான்.

யப்பானில் சத்தம் குறைவு என்று வைத்துக்கொள்வோம், வேறு கரைச்சல். 2019 ஏப்ரலில் தொடங்கிய திறன் தொழிலாளர் விசாவில் எங்கள் பிள்ளைகள் போகிற துறைகளில் முதியோர் பராமரிப்பு ஒன்று. என் அக்காவின் மகள் அந்த வேலையில்தான் இருக்கிறாள். பல்லில்லாத வாயால், மெல்லிய குரலில், ஊர்ப் பேச்சில் ஒரு பாட்டி சொல்வதை எந்தப் போனும் சரியாகப் பிடிக்காது என்கிறாள். பிடித்தாலும் போதாது, ஏனென்றால் "தைஜோபு" என்று அவர்கள் சொன்னால் பரவாயில்லை என்றும் இருக்கும், வேண்டாம் என்றும் இருக்கும். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் அந்தச் சொல்லோடு கை அசைகிற விதத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். போனுக்குக் கை தெரியாது.

இனி மொழிபெயர்ப்பு. தமிழிலும் கொரியனிலும் யப்பான் மொழியிலும் வினை கடைசியில்தான் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும், மறுப்பும் வசனத்தின் வாலில்தான் வரும். "நாளைக்கு இரவு வேலைக்கு வர" என்பதுவரை கேட்டாலும் வரவேண்டுமா வேண்டாமா என்று கடைசிவரை தெரியாது. மூன்று மொழியிலும் இதே கதை. தமிழிலிருந்து நேரே கொரியனுக்குப் போனால் ஒழுங்கு குலையாமல் போகலாம். ஆனால் தமிழ் - கொரியன் நேரடி மொழிபெயர்ப்பு உதாரணங்கள் மிகக் குறைவு என்பதால் பெரும்பாலும் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் வழி. 2016இல் கூகுள் ஆய்வாளர்கள், ஆங்கிலம் - யப்பான், ஆங்கிலம் - கொரியன் இரண்டையும் பழகிய இயந்திரம் யப்பானிலிருந்து கொரியனுக்கு ஒரு நேரடி உதாரணமும் பார்க்காமலே மொழிபெயர்க்கிறது என்று காட்டினார்கள். கெட்டித்தனம்தான். ஆனால் ஆங்கிலத்தின் வழியாகப் போகிறபோது "நீங்கள்" எது "நீ" எது என்பது அங்கேயே உதிர்ந்துவிடுகிறது. எங்கள் பட்டறையில் ஒரு தம்பி முதலாளியிடம் மரியாதையாகத் தமிழில் லீவு கேட்டான், போன் அதைச் சிறு பிள்ளையிடம் கதைக்கிற மாதிரிக் கொரியனில் சொல்லிவிட்டது. முதலாளியின் முகம் போன போக்கு. அவன் அன்றைக்கு முழுக்க ஏன் என்று தெரியாமல் அலைந்தான்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் எழுதிக் காணவில்லை. கொரியனிலும் யப்பான் மொழியிலும் யார் செய்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லாமலே விடுவார்கள். வினைச்சொல்லிலும் அது தெரியாது. போனேன், போனாய், போனார் எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். தமிழிலோ வினையின் வாலில் ஆள் வந்தே ஆகவேண்டும். ஆகவே கொரியனிலிருந்து தமிழுக்கு வரும்போது இயந்திரம் ஆளைத் தானாக ஊகித்துப் போடுகிறது. கடையில் இது பெரிய விஷயம் இல்லை. ஆனால் சம்பளப் பிரச்சினை, கைகலப்பு, விபத்து என்று ஏதாவது அலுவலகத்தில் போய் நின்றால்? "தள்ளினார்" என்பதும் "தள்ளினேன்" என்பதும் ஒன்றா? எங்களோடு இருந்த ஒருவருக்கு, அவர் பார்த்த விபத்தைப் பற்றி எழுதிய அறிக்கை போனில் அவரே செய்த மாதிரி வந்தது. நல்லகாலம், கையெழுத்து வைக்க முன்னர் கொரியன் நன்றாகத் தெரிந்த குருநாகல் அண்ணர் ஒருவர் பார்த்துத் தடுத்தார். அந்த அண்ணர் இல்லாத ஊரில் என்ன நடந்திருக்கும்?

இன்னொரு சின்ன விஷயம், கடிதக்காரர் மறந்தது. கொரியாவுக்கு வேலைக்குப் போக எழுதுகிற ஈ.பி.எஸ். பரீட்சையில் பாதி கேட்டல். ஒலியைப் போட்டுவிடுவார்கள், கேட்டு விடை குறிக்கவேண்டும். போன் உள்ளே போகாது. யப்பானுக்கு எழுதுகிற என்4 பரீட்சையிலும் கேட்டல் பகுதி உண்டு. ஆகவே "போன் இருக்கிறது" என்பவன் விமானத்தில் ஏறவே போவதில்லை. (இடையில் ஒன்று: ஈ.பி.எஸ். அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் நடப்பது, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் மூலம் மட்டும். "நான் எடுத்துத் தருகிறேன்" என்று வருகிற முகவருக்குக் காணி உறுதியைக் கொடுக்காதீர்கள். இதைத் தனிக் கடிதமாகவே எழுதலாம்.)

அதற்காக இங்கே நடக்கிற வகுப்புகள் எல்லாம் சிறப்பு என்று நான் சொல்லவில்லை. கடிதக்காரரின் கோபத்தில் பாதி நியாயம். ஏ-9 வீதி நெடுக மதிலில் பார்க்கிறோமே, தமிழும் கொரியனும் சகோதர மொழிகள், மூன்று மாதத்தில் சரளம் என்று. அப்பா, அம்மா போல நாலு சொல் ஒத்துப்போகிறது என்பதற்காக மொழியியலாளர்கள் அந்தச் சகோதரத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. வகுப்பில் என்ன நடக்கிறது? பழைய வினாத்தாள், சொல் பட்டியல், பாடமாக்கல். ஸ்டூடியோவில் பதிந்த சுத்தமான குரல் ஒன்றைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். பல இடத்தில் பாடக்குறிப்பே சிங்களத்திலிருந்து தமிழாக்கியது, அதுவும் அரைகுறை.

இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், எங்கள் பிள்ளைகளின் காது இந்த இரண்டு மொழிக்கும் ஏற்கனவே நன்றாகத் தயாராக இருக்கிறது. யப்பான் மொழியில் "ஒஜிசன்" என்றால் மாமா, "ஒஜீசன்" என்றால் தாத்தா. "கிதே" என்றால் வா, "கித்தே" என்றால் முத்திரை. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதைப் பிரித்துக் கேட்கப் படாத பாடு படுகிறார்கள். குறில் நெடிலும் ஒற்றும் பாலர் வகுப்பிலேயே படித்த முள்ளியவளைப் பிள்ளைக்கு இது ஒரு விஷயமா? வசன ஒழுங்கும் எங்களுடையதே. கொரியனின் மூன்று தகரம்தான் எங்களுக்குக் கஷ்டம், அதற்கு மட்டும் நேரம் செலவழித்தால் போதும். ஒருவர் தமிழிலிருந்தே நேராகச் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு வேகமாகப் போகலாம். அதை விட்டுவிட்டுப் பெடியளைச் சிங்களக் குறிப்பிலும் ஆங்கிலம் சுற்றி வருகிற போனிலும் அலைய விடுகிறோம்.

போன் திருந்தவேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது, அது அமெரிக்காக்காரன் செய்து தருவான் என்று காத்திருக்கிற வழி இல்லை. யப்பானின் வடக்கே அவோமொரியில் சுகாரு என்றொரு வட்டாரப் பேச்சு, டோக்கியோ ஆட்களுக்கே விளங்காது. மின்சாரம் நின்றுபோனது என்று கிழவர்கள் மின்சாரக் கொம்பனிக்கு அழைத்துச் சொன்னால் எழுதுகிறவர்களுக்குப் புரியவில்லை. என்ன செய்தார்கள்? அங்கிருக்கிற ஹிரோசாக்கி பல்கலைக்கழகமும் தொஹொக்கு மின்சாரக் கொம்பனியும் சேர்ந்து அந்தப் பேச்சைத் திரட்டி இயந்திரத்துக்குப் பழக்கத் தொடங்கினார்கள். எங்களுக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் இறுதியாண்டு மாணவர்கள் ஏதோவொரு செயலி செய்து காட்டுகிறார்கள், பாதி யாரும் பாவிக்காதவை. சிங்களப் பேச்சுக்கு 2018இலேயே ஒரு பெரிய ஒலித்தொகுப்பு எல்லாரும் எடுத்துப் பாவிக்கும்படி வெளிவந்துவிட்டது. எங்கள் பேச்சுக்கு அப்படி ஒன்றை நான் காணவில்லை. துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் புதுக்குடியிருப்பிலும் போய் ஆட்களைக் கதைக்கவிட்டு, அவர்களின் சம்மதத்தோடு பதிந்து, எழுதிவைத்தால் போதும். வயல், கடல், ஆஸ்பத்திரி, கூட்டுறவுச் சங்கம் என்று எதைப் பற்றியும் கதைக்கட்டும். கொரியா போகிறவனுக்கு மட்டும் உதவுகிற வேலை இல்லை அது. இங்கே ஆஸ்பத்திரியில் சிங்கள டொக்டரோடு போனை நடுவில் வைத்துக் கதைக்கிற எங்கள் அம்மாமாருக்கும் அதே பிரச்சினைதான்.

உங்களிடம் ஒரு கேள்வியும் இருக்கிறது, கோபிக்கவேண்டாம். "மொழி தேவையில்லை, கொரியாவில் வேலை" என்கிற விளம்பரம் உங்கள் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்திலும் வருகிறது. காசு வாங்கிப் போடுவதுதான், விளங்குகிறது. ஆனாலும் ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுப் போடலாமே.

என்னோடு வேலை செய்த கொரிய அண்ணர் ஒருவர் இன்னும் எனக்குக் குரல்பதிவு அனுப்புகிறார், சுத்தமான கியோங்சாங் பேச்சு, பின்னால் இயந்திரச் சத்தம், இருமல் எல்லாம் சேர்த்து. வகுப்பில் பாவிக்கலாமா என்று கேட்டேன், சிரித்துவிட்டுச் சம்மதித்தார். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வகுப்பு நடத்துகிற யாராவது விரும்பினால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே கொண்டுவந்து போட்டுக் காட்டுகிறேன், காசு வேண்டாம். போக்குவரத்துக்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் என் விபரம் தருவார்கள். கடிதம் எழுதிய அந்த ஐயாவும் தன் போனோடு வரலாம்.

இப்படிக்கு,
கொரியாவில் வேலை செய்து திரும்பிய ஒருவன்
விசுவமடு